டாக்டரம்மா வைத்த தழும்பு

வேலை முடிந்து நான் படியேறும்போதே எங்கள் வீட்டுச் சண்டை காதில் விழுந்துவிடும். "ஓடாதே, நில்லு, நான் முன்னாடி போறேன்" என்று ஒரு குரல். "நீ முன்னாடி போனா நான் எப்படி அம்பு விடறது? குறுக்கே மலை மாதிரி நிக்கறே" என்று இன்னொரு குரல். கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் என்னை நிறுத்தி, "வீட்ல ஏதாவது பிரச்சினையா சார்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். ஆமாம், பிரச்சினைதான் என்றேன். கோட்டைக்குள் டிராகன் புகுந்துவிட்டது, அதை யார் கொல்வது என்று தாயும் மகளும் அடித்துக்கொள்கிறார்கள் என்று விளக்கமும் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்பதில்லை.

அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு மூச்சு சீராக வருகிறது. அதற்கு முன்பு பல மாதங்கள் எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தது. நான் லிஃப்ட் மெக்கானிக். மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நடுவில் நின்றுபோன பெட்டிகளைப் பார்த்தே காலம் போனவன். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் கத்துவார்கள், பிறகு கதவைத் தட்டுவார்கள், அதற்கப்புறம் சத்தமே இல்லாமல் உட்கார்ந்துவிடுவார்கள். அந்தக் கடைசிக் கட்டம்தான் எனக்குப் பயம். எங்கள் வீடு அப்போது அந்தக் கட்டத்தில் இருந்தது.

என் மனைவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், கதை அவளுடையதுதான். அவள் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் டச்சப் வேலை செய்கிறாள். எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு, பரு, தேமல், கண்ணுக்குக் கீழே கருவளையம், முதல் நாள் தூங்காத களைப்பு எல்லாவற்றையும் துடைத்து, முகத்தைக் கழுவிவிட்ட மாதிரி ஆக்கித் தருவாள். கத்தியில்லாமல் ஆபரேஷன் செய்கிறவள் என்று ஸ்டூடியோ முதலாளி அவளுக்கு டாக்டரம்மா என்று பெயர் வைத்தார். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. வீட்டில் நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

ஒரு மனிதர் வந்து, "கொஞ்சம் முடி வெச்சு விடுங்கம்மா" என்றாராம். வைத்தாள். "இன்னும் கொஞ்சம்" என்றாராம். வைத்தாள். மறுநாள் படத்தை வாங்க அவர் மனைவி வந்தார். படத்தைப் பார்த்துவிட்டு, "இது எங்களோடது இல்லைங்க, மாறிப்போச்சு" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். எங்கள் கல்யாணப் படத்தில்கூட என் இரண்டு காதும் இப்போது ஒரே அளவில் இருக்கின்றன. கல்யாணத்தன்று அப்படி இல்லை. இதை நான் கண்டுபிடிக்கவே சில வருஷம் ஆயிற்று.

இந்த வேலையில் ஒரு தொல்லை உண்டு. ஆள் வீட்டுக்கு வந்தாலும் கை வேலையிலேயே இருக்கும். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவர் கன்னத்தில் மரு இருந்தால், மடியில் கிடக்கும் இவள் ஆட்காட்டி விரல் தானாகச் சின்ன வட்டம் போடும். டிவியில் செய்தி வாசிப்பவர் தாடையில் ஏதாவது தெரிந்தால் நாற்காலிக் கையில் வட்டம் போடும். அழிக்கிறாளாம். அவளுக்கே தெரியாது. நான் அதைக் காட்டிக் கேலி செய்வேன், அவள் கையைப் புடவைக்குள் சுருட்டிக்கொள்வாள். அப்போதெல்லாம் அது வெறும் கேலிதான்.

எங்களுக்கு ஒரே மகள். சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறவள். பாடம் என்றால் என்ன, மூக்கு துடைப்பது, காலணி மாட்டிவிடுவது, அழுகிறவனைத் தூக்கி வைத்துக்கொண்டு கதை சொல்வது. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் நான் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டேன். மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில் அவள் வந்த ஸ்கூட்டர் சறுக்கி, ஒரு கடையின் கண்ணாடிக் கதவின்மேல் போய் விழுந்தாள். உயிருக்கு ஒன்றுமில்லை. கண்ணுக்கும் ஒன்றுமில்லை. நல்ல கைராசிக்கார டாக்டர், நன்றாகத்தான் தைத்தார். ஆனால் இடது கண்ணுக்குக் கீழே தொடங்கி வாயோரம் வரைக்கும் ஒரு தழும்பு தங்கிவிட்டது.

காயம் ஆறியது. மகள் வெளியே போகவில்லை. பள்ளித் தலைமையாசிரியை போன் செய்து, "உங்க இடம் உங்களுக்குத்தான், ஆனா பள்ளி திறக்கறதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றார். அடையாள அட்டைக்குப் புதுப் படம் ஒன்றும் கேட்டார். மனைவிக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஜன்னலோரம் மகளை உட்காரவைத்து, அவளே படமெடுத்து, ஸ்டூடியோவுக்கு எடுத்துப் போய், மாலையில் அச்சடித்துக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள்.

மகள் அதை எடுத்துப் பார்த்தாள். "இது யாரும்மா?"

"யாரு? நீதான்."

"என் கன்னத்துல இருக்கறது எங்கே?"

"அது கொஞ்சம் லேசா... எல்லாருக்கும் பண்றதுதான்டி..."

"எல்லாருக்கும் பண்ணு. எனக்கு ஏன் பண்ணினே?" அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பெத்தவ உனக்கே இதப் பாக்கப் பிடிக்கலை. அப்புறம் அந்தப் பிள்ளைங்க எப்படிம்மா என் மூஞ்சியைப் பாக்கும்?"

படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள். அதோடு வீட்டில் பேச்சு நின்றது. மனைவி அதற்கப்புறம் மகள் முகத்தையே பார்ப்பதில்லை. தட்டைப் பார்த்து, "இன்னும் வேணுமா?" என்பாள். தோளைப் பார்த்து, "குளிச்சிட்டியா?" என்பாள். பார்த்தால்தானே தப்பு என்று நினைத்தாளோ என்னவோ. மகளுக்கு அது வேறு விதமாகப் பட்டது. நான் இரண்டு பக்கமும் போய் நின்று பார்த்தேன். எனக்குத் தெரிந்த ரிப்பேர் எதுவும் அங்கே செல்லுபடியாகவில்லை.

அந்த நேரத்தில்தான் மகளின் தோழி ஒருத்தி வெளியூர் போகிறவள், தன்னுடைய வீடியோ கேம் பெட்டியை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். மகள் அதை டிவியில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வேறு உலகம். காடு, கோட்டை, பேய், பூதம், மந்திரவாதி. நாமே ஒரு ஆளைச் செய்து அதற்குள் அனுப்ப வேண்டும். மகள் ஒரு வில்லாளியைச் செய்து வல்லூறு என்று பெயர் வைத்திருந்தாள். ஒல்லியான பெண், பளிங்கு மாதிரி முகம். நாள் முழுக்க அந்த வல்லூறு மலையேறியது, ஆற்றைத் தாண்டியது. வல்லூறை வைத்திருந்தவள் வாசல்படி தாண்டவில்லை.

மனைவி துணி மடிக்கிற சாக்கில் சோபாவின் மறு மூலையில் உட்காருவாள். ஒரு விடுமுறை நாள், திரையில் குதிரைக்காரன் ஒருவன் நின்று ஏதோ நீளமாகப் பேசிக்கொண்டிருந்தான். மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"இவனோட ரெண்டு கண்ணும் ஒரே உயரத்துல இல்லை."

மகள் திரும்பவில்லை. "கேம்ல அப்படித்தான்."

"யாரோ அவசரத்துல பண்ணியிருக்காங்க. பாதி மூஞ்சி பண்ணும்போது சாப்பிடப் போயிட்டான் போல."

 மகள் பக்கத்தில் கிடந்த இரண்டாவது கன்ட்ரோலரை எடுத்து அம்மா பக்கம் தள்ளினாள். "அப்ப நீயே ஒண்ணு பண்ணு, பாக்கலாம்."

அந்தப் படத்துக்கு அப்புறம் அவள் அம்மாவிடம் சொன்ன முதல் முழு வாக்கியம் அதுதான். நான் சமையலறையில் கையில் காபியோடு அசையாமல் நின்றேன்.

பண்ணினாள். எப்படிப் பண்ணினாள் என்கிறீர்கள்! மற்றவர்கள் ஒரு ஆளைச் செய்து முடித்துவிட்டு ஆட்டத்துக்குள் ஓடுவார்கள். இவளுக்கு அந்த இடமே ஆட்டமாகிவிட்டது. நெற்றி எவ்வளவு அகலம், புருவ எலும்பு எவ்வளவு மேடு, மூக்குத்தண்டு எந்த இடத்தில் வளைய வேண்டும், காது மடல் தொங்குமா தொங்காதா, பல் எத்தனை கோணல், தோலுக்கு என்ன வயது, சிரித்தால் எங்கே சுருங்கும், நடந்தால் எந்தக் கால் முதலில் இழுக்கும் என்று எல்லாவற்றுக்கும் திரையில் ஒரு பட்டை இருந்தது. பட்டையை இந்தப் பக்கம் இழுத்தால் கூடும், அந்தப் பக்கம் இழுத்தால் குறையும். இருபது வருஷமாகக் குறைத்துக்கொண்டே இருந்தவள் இவள். கூட்டலாம் என்று யாரோ சொன்னதும் விட்டுவிடுவாளா?

"ஆரம்பிச்சாச்சா?" என்று வேலையிலிருந்து வந்ததும் கேட்பேன்.

"இன்னும் கழுத்து முடியலைங்க."

மறுநாளும் கேட்பேன். "கழுத்து முடிஞ்சிருச்சு. மூக்கை மறுபடி உடைக்கறேன், முதல்ல உடைச்சது சரியா விழலை."

வாரம் ஒன்று போயிற்று. ஒருவழியாக அந்தப் பெண் தயாரானாள். என்ன சொல்ல! கொம்பு முளைத்த ராட்சசி. கதவளவு தோள். இரண்டு இடத்தில் உடைந்து ஆறிய மூக்கு, முன்பல் ஒன்று காணோம், தாடையில் பட்டாணி சைஸில் ஒரு மரு, அதில் இரண்டு முடி. கண்ணைச் சுற்றி வெயிலில் காய்ந்த சுருக்கம். ஆனால் பார்க்கப் பார்க்க அந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. பத்துப் பிள்ளை பெற்று, மூன்று போர் பார்த்துவிட்டு, இப்போது சாப்பாட்டுக்கு உட்காரப் போகிறவள் மாதிரி இருந்தாள். பெரியம்மா என்று பெயர் வைத்தாள்.

பலம், அறிவு, அழகு, அதிர்ஷ்டம் என்று நாலைந்து குணங்களுக்குப் புள்ளிகளைப் பங்கிட வேண்டும். அத்தனையையும் பலத்தில் கொட்டினாள். அழகுக்குச் சுழியம்.

"அம்மா, கொஞ்சமாவது வை. இல்லைன்னா கடைக்காரன்கூடப் பேச மாட்டான்" என்றாள் மகள்.

"நாள் பூரா அழகு பண்ணிட்டுத்தான்டி வீட்டுக்கு வர்றேன். இங்கேயாவது என்னை விடு."

மகள் சொன்னது போலவே ஆயிற்று. பெரியம்மாவைக் கண்டால் ஊர்க்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். கடைக்காரன் கல்லைத் தூக்கி எறிந்தான். மருந்து வாங்குவதிலிருந்து படகுக்காரனிடம் இடம் கேட்பது வரை எல்லாவற்றுக்கும் வல்லூறுதான் போய்ப் பேச வேண்டும். ஆனால் பாலத்துக்கு அடியில் ஒரு பூதம் இருந்தது. வல்லூறு தனியாகப் போனபோதெல்லாம் அதனிடம் அடிவாங்கிச் செத்துக்கொண்டிருந்தது. பெரியம்மா முதல் தடவை அங்கே போன அன்று, பூதம், "யார் நீ, இந்தப் பாலத்தைக் கடக்க என்ன தருவாய்?" என்று முழங்கியது. மனைவிக்கு எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியவில்லை. கையில் கிடைத்ததையெல்லாம் அழுத்தினாள். பெரியம்மா பூதத்தின் காலைப் பிடித்து, துணி துவைக்கிற மாதிரி இரண்டு தடவை பாறையில் அறைந்து ஆற்றில் போட்டுவிட்டாள்.

மகள் சிரித்தாள். அடக்க முடியாமல், முதுகு வளைந்து சிரித்தாள். தழும்பு இழுத்ததால் கன்னத்தைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ அம்மா, அது பேசிட்டே இருந்துச்சும்மா!" மனைவி, "பேசினா? பிள்ளையை எத்தனை தடவை அடிச்சிருக்கு அது" என்றாள், நிஜமான கோபத்தோடு. எனக்கு அன்று ராத்திரி சாப்பாடு கூடுதலாக இறங்கியது.

அதற்கப்புறம் இரண்டு பேரும் தினமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு ஆடினார்கள். ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசினார்கள். அதுவே போதும் என்று நான் வாயை மூடிக்கொண்டேன். நடுவில் ஒருநாள் மகள் வல்லூறின் கன்னத்தில் ஒரு தழும்பை வைத்திருந்தாள். ஆட்டத்தில் ஏற்கெனவே இருக்கிற ஒன்று, நேர்க்கோடு. இடது கண்ணுக்குக் கீழே. நான் பார்த்தேன். மனைவியும் பார்த்தாள்.  ஆட்டம் நடந்தது.

பள்ளி திறக்கும் நாள் நெருங்கியது. மகள் தலைமையாசிரியைக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. நான் கேட்டால், "பாக்கலாம்ப்பா" என்பாள். அந்தச் சமயத்தில்தான் ஸ்டூடியோவில் கூட்டம் அலைமோதும். பள்ளிக்குப் படம், கல்லூரிக்குப் படம், வேலைக்குப் படம். மனைவி காலையிலிருந்து முகம் முகமாகத் துடைத்துவிட்டு, கண் சிவந்து வருவாள். ஒருநாள் மத்தியானமே விட்டுவிட்டார்கள். வந்து, சாப்பிட்டு, "பெரியம்மாவுக்கு ஒரு தோடு போட்டுப் பாக்கறேன்" என்று கன்ட்ரோலரை எடுத்தாள். மகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அன்று விடுமுறை, மின்விசிறியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டத்தில் அவர்கள் தங்கும் கூடாரத்தில் ஒரு கண்ணாடி உண்டு. அதன் முன்னால் யாரை நிறுத்தினாலும் முகத்தை மாற்றிக்கொள்ளலாம். பெரியம்மாவை நிறுத்த வேண்டியவள், முன்னால் நின்ற வல்லூறை நிறுத்திவிட்டாள். திரை முழுக்க ஒரு முகம், கன்னத்தில் ஒரு கோடு. காலையிலிருந்து அதே மாதிரி முகங்கள். கண் பார்த்தது, கை செய்தது. பட்டையை இழுத்தாள், கோடு மறைந்தது. தோலைக் கொஞ்சம் சமன்படுத்தினாள். முடித்ததற்கான பொத்தானை அழுத்தி வெளியே வந்தாள். பதிவாகிவிட்டது.

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது.

"என்னங்க" என்றாள். அந்தக் குரலைக் கேட்டு நான் ஏணியிலிருந்து இறங்கினேன். "என்னங்க, நான் மறுபடியும் பண்ணிட்டேங்க."

திரையில் வல்லூறு பளிங்கு முகத்தோடு நின்றது. அவள் தன் கையைத் தன் கை இல்லாத மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதப் பாத்தான்னா அவ்வளவுதான். இனிமே என்கூட உக்காரக்கூட மாட்டா. பள்ளிக்கூடமும் போக மாட்டா."

"அந்தத் தழும்பை மறுபடி வெச்சுடு. யாருக்குத் தெரியப்போகுது?"

"அவ எத வெச்சிருந்தான்னு எனக்கு நெனப்பில்லைங்க. கோடுன்னு பாத்தேன், அழிச்சேன். அதுல முப்பது நாப்பது வகை இருக்கு."

"அப்ப உள்ள போய் அவ முகத்தை ஒரு தடவை பாத்துட்டு வா. தூங்கறா, தெரியாது."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அதுக்கு நான் உள்ள போகணுமா?" என்று சொல்லிவிட்டுத் திரையிலிருந்த கண்ணாடிக்குத் திரும்பினாள்.

நான் மகளின் அறைக் கதவுக்குக் காவல் நின்றேன். அங்கிருந்து திரையும் தெரிந்தது. ஆட்டத்தில் இருந்த தழும்பு எதுவும் அவளுக்குச் சரிப்படவில்லை. மெல்லியது ஒன்றை எடுத்து வளைத்தாள், அதன்மேல் இன்னொன்றை வைத்து மங்கலாக்கினாள். மேல் நுனி வெளிறியிருந்தது, கீழே வரவர நிறம் ஏறியது. நடுவில் ஒரு தையல் கொஞ்சம் இறுக்கிப் பிடித்த இடம். வாயோரம் வந்ததும் தழும்பு இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை தாடைப் பக்கம் சின்னதாக இறங்கியது.

"அங்கே ரெண்டா பிரியலையே" என்றேன். நானும் தினமும் பார்க்கிறவன்தானே.

"பிரியும்" என்றாள்.

முடித்துப் பெட்டியை அணைத்துவிட்டு எழுந்துபோனாள். சொல்லிவிடலாமா, வேண்டாமா என்று அன்று மாலை வரைக்கும் சமையலறையில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். சொல்ல வாய் வருவதற்குள் மகள் எழுந்து வந்து டிவியைப் போட்டுவிட்டாள்.

வல்லூறு திரையில் வந்து நின்றது. மகள் பொத்தானை அழுத்தவில்லை. திரைக்குக் கிட்டே போய்க் குனிந்தாள்.

"இத யாரு தொட்டது?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன். மனைவி ஈரக் கையோடு வந்து நின்றாள். "நான்தான். தோடு போட வந்தேன், உன் ஆளு கண்ணாடி முன்னாடி நின்னுடுச்சு. கை தானா அழிச்சிருச்சு. வேணும்னு பண்ணலைடி. மறுபடி வெச்சேன். நீ வெச்சது எதுன்னு தெரியலை, அதனால..."

மகள் நேராகக் குளியலறைக்குப் போனாள். விளக்கு எரிந்தது. கண்ணாடி அங்கேதான் இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். நடுவில் நின்றுபோன லிஃப்டுக்கு வெளியே நிற்கிறபோதுகூட நான் அப்படிக் காத்து நின்றதில்லை.

வெளியே வந்தாள். ஒரு விரல் வாயோரத்தில் இருந்தது.

"கீழ பிரியுது" என்றாள். "எனக்கே தெரியாது. நான் வெச்சது வெறும் கோடு." அம்மாவுக்கு நேராக வந்து நின்றாள். "நீ எப்பம்மா பாத்தே? நீதான் என் முகத்தையே பாக்கறதில்லையே."

"பாக்காம?" என்றாள் மனைவி.  "நீ டிவியப் பாத்துட்டு இருக்கும்போதெல்லாம் நான் உன்னத்தானேடி பாத்துட்டு இருந்தேன். அதனாலதான் பெரியம்மா அடிக்கடி பள்ளத்துல விழுந்தா. நேருக்கு நேர் பாத்தா இந்த விரல் சும்மா இருக்காது. ஒரு தடவை நீ என் முன்னாடி சாப்பிட்டுட்டு இருக்கும்போது வட்டம் போட்டுச்சு. நீ அத பாத்துட்டே. உன் முகம் அப்படியே விழுந்து போச்சு. அன்னிலேருந்து எனக்குப் பயம்."

மகள் அம்மாவின் அந்த வலது கையைப் பிடித்தாள். பிடித்து வைத்துக்கொண்டாள். "பாரு" என்றாள். "இப்பப் பாரு."

மனைவி பார்த்தாள். விரலை மகள் இறுக்கிப் பிடித்திருந்தாள், அது எங்கேயும் போகவில்லை. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது, என் கண்ணும் சரியாக இல்லை. பிறகு மகள் மூக்கை உறிஞ்சிவிட்டுத் திரையைக் காட்டினாள்.

"ஆனா ஏமாத்தியிருக்கே. இதோட ஆழம் கம்மி. என்னோடது இன்னும் ஆழம்."

"கொஞ்சூண்டுதான் குறைச்சேன்."

"பாசம் காட்டாதே. ஒரு புள்ளி ஏத்து."

மனைவி கன்ட்ரோலரை எடுத்தாள். கண்ணாடி முன்னால் வல்லூறை நிறுத்தி, பட்டையை ஒரு புள்ளி ஏற்றினாள். ஏற்றிவிட்டு மகள் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். இன்னும் ஒரு புள்ளி ஏற்றினாள். "இப்பச் சரி" என்றாள் மகள். என் மனைவி தன் வாழ்க்கையில் ஒரு முகத்தில் தழும்பைக் கூட்டி, அதற்குச் சபாஷ் வாங்கியது அன்றுதான்.

மறுநாள் காலை மகள் அம்மாவோடு ஸ்டூடியோவுக்குப் போனாள். அவள் வீட்டை விட்டு இறங்கியதை நான் பால்கனியிலிருந்து பார்த்தேன். தெருமுனை திரும்பும் வரை பார்த்தேன். முதலாளி படமெடுத்துவிட்டு வழக்கம் போல, "டாக்டரம்மா, ஆபரேஷன்?" என்றாராம். "இந்தப் பேஷன்ட்டுக்கு ஒண்ணும் இல்லை, டிஸ்சார்ஜ்" என்றாளாம் மனைவி. எதற்கும் இருக்கட்டும் என்று, அச்சாகி வரும்வரை வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தாளாம். இதை மகள்தான் வந்து சொன்னாள், சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கன்னத்தைப் பிடித்துக்கொள்ள மறந்துவிட்டாள்.

பள்ளி திறந்த அன்று நான் வேலைக்குப் போனேனே தவிர எதையும் உருப்படியாகச் செய்யவில்லை. மூன்றாம் மாடிக்குப் போக வேண்டிய பெட்டியை ஐந்தாம் மாடியில் நிறுத்திவிட்டு, ஆள்கள் சத்தம் போட்ட பிறகுதான் கவனித்தேன். சாயங்காலம் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தால், மனைவி எனக்கு முன்பே வந்து வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். மகள் படியேறி வந்தாள். கழுத்தில் அட்டை. அட்டையில் அவள் முகம், உள்ளது உள்ளபடி.

"டீச்சர்" என்றேன். ரொம்ப நாளாக அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை.

"என்னடி சொன்னாங்க பிள்ளைங்க?" என்றாள் மனைவி. அவள் கேட்கப் பயந்தது எனக்குத் தெரிந்தது. ஆனால் நேராக முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"ஒருத்தன் தொட்டுப் பாத்தான். ஒருத்தி, வலிக்குதா டீச்சர்னு கேட்டா. இப்ப வலிக்கலைன்னு சொன்னேன். யாரு பண்ணினதுன்னு எல்லாரும் ஒரே நச்சரிப்பு. பாலத்துக்கு அடியில ஒரு பூதம்னு சொல்லிட்டேன்."

"நம்பிட்டாங்களா?"

"நம்பிட்டாங்க. பயப்படவே இல்லை. கடைசி பெஞ்சுல ஒரு வாண்டு மட்டும் எழுந்து நின்னு, அந்தப் பூதம் இப்ப எங்கேன்னு கேட்டான்."

"நீ என்ன சொன்னே?"

மகள் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "எங்கம்மா அது காலைப் பிடிச்சுத் தூக்கி ஆத்துல போட்டுட்டாங்கன்னு சொன்னேன்."

 மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய் எல்லாருக்கும் காபி போட்டாள். அன்று மாலை கோட்டைக்குள் டிராகன் வந்தது. யார் முன்னால் போவது என்று சண்டை ஆரம்பித்தது. கீழ்வீட்டுக்காரர் கேட்டால் கேட்கட்டும் என்று நான் ஜன்னல்களைத் திறந்துவிட்டேன்.